வராமல் நின்றவர்

ராஜமணி பஞ்சை இளஞ்சூட்டு நீரில் நனைத்து ரத்னாபாயின் உதடுகளில் ஒற்றிக்கொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மலையாள ஊரான திருமலையில் அந்தச் சந்து குறுகல். உள்ளே வந்த வண்டியைத் திருப்ப இடமிருக்காது. சைரனை முக்கிலேயே அணைத்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் பின்கதவு திறக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

மகன் ரெஜி உள்ளே வந்தான். காலை விமானத்தில் பெங்களூரிலிருந்து வந்தவன். தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனவன் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தான் என்பது மட்டும்தான் ராஜமணிக்குத் தெரியும்.

"அப்பா, ஸ்ட்ரெச்சர் வருது. ஐ.சி.யு.ல பெட் சொல்லியாச்சு. அந்த மேசைய கொஞ்சம் நீக்கணும்."

"வேண்டாம் மக்கா."

"என்ன வேண்டாம்?"

"அம்ம வேண்டாம்னு சொல்லியாச்சு. ஒனக்கும் சொன்னா இல்லியா?"

"அது கிறிஸ்மஸுக்குச் சொன்னது. அப்ப எழும்பி உக்காந்து கேக் முறிச்சா. இப்ப மூச்சு எப்பிடி எடுக்கான்னு பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். ரத்னாபாயின் மூச்சு ஒரு சிறிய ஏற்றம் ஏறி, அங்கேயே நின்று, யோசித்து, பிறகு இறங்கியது. கட்டிலின் மறுபக்கம் ஷைலஜா மருந்துப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்த் தீராத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் பாலியேட்டிவ் நர்ஸ் அவள். வித்துராக்காரி, மலையாளி. போணக்காடு தேயிலை எஸ்டேட்டின் தமிழ்த் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழும் வரும்.

"ரெஜி மோனே, சேச்சிக்கு இப்ப வேதன இல்ல" என்றாள். "மருந்து கொடுத்திட்டுண்டு. இந்த மூச்சு இப்பிடித்தான் வரும். இது சேச்சிக்குக் கஷ்டம் அல்ல. பாக்கிற நமக்குத்தான்."

"நீங்க நில்லுங்க சேச்சி. நான் அப்பாகிட்ட பேசுறேன்." ரெஜியின் குரல் உயர்ந்தது. அடுக்களையில் கஞ்சி இறக்கிக்கொண்டிருந்த பிரிஸில்லா, ரத்னாபாயின் தங்கை, கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "அப்பா, நீங்க பட்டாளத்துக்காரர்தானே? சும்மா நின்னு பாத்துகிட்டிருக்கத்தான் ஒங்களுக்குத் தெரியுமா?"

ராஜமணி கட்டிலைச் சுற்றி வந்து வாசலுக்கு நேராக நின்றுகொண்டார். ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ரெஜியைப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்ட்ரெச்சரை முற்றத்து மதிலில் சாய்த்துவிட்டு மாமர நிழலுக்குப் போனார்கள். ரெஜி அவர்கள் பின்னால் போய் ஆம்புலன்ஸின் பின்படியில் உட்கார்ந்தான்.

சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பது. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்தவள் இதோ கிடக்கிறாள்.

சோமாலியாவுக்கு ஐ.நா. படையோடு இந்தியப் பட்டாளம் போயிருந்த காலம். ராஜமணி அப்போது ஹவில்தார். அங்கே அவர் இருந்த ஊரின் பெயரை அவரும் ரத்னாபாயும் கடைசிவரை ஆளுக்கொரு விதமாகத்தான் உச்சரித்தார்கள். செம்மண், முள்மரங்கள், கூரை போன வீடுகள். தினமும் காலையில் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே ஒரு நீள மேசை போடுவார்கள். ஒரு பக்கம் பட்டாளம். மறுபக்கம் அரிசியும் மருந்தும் கொண்டுவந்த நிவாரண அமைப்புகள். ஆங்கிலம் ஓரளவு நன்றாகப் பேசுவார் என்பதால் கேப்டன் அவரை அந்த மேசைக்கு உதவியாளாக வைத்துக்கொண்டார்.

அந்த மேசையில் நடந்ததையெல்லாம் பட்டாளத்தில் வேறெங்கும் அவர் கண்டதில்லை. யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. எந்தச் சாலையில் கண்ணிவெடி இல்லை என்று நிவாரணக்காரர்கள் கேட்பார்கள். சொல்லலாம். எந்த லாரி எப்போது போகும் என்று பட்டாளத்தார் கேட்பார்கள். அவர்களும் சொல்வார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் மேசை அமைதியாகிவிடும். லாரிக்குத் துணையாகப் பட்டாள வண்டி வரட்டுமா என்றால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். பாதிப் பேர், "உங்களோடு ஒரே தூசியில் எங்களைப் பார்த்தால் நாளைக்கு எங்களையும் சுடுவார்கள்" என்பார்கள்.

ஒரு நாள், மிஷன் நடத்திய சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். கறுத்து மெலிந்தவள். தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். உட்காரக்கூட இல்லை. ஆஸ்பத்திரி முற்றத்தில் நிற்கும் உங்கள் ஆட்களை இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பாதுகாப்புக்குத்தான் நிறுத்தியிருக்கிறோம் என்றார் கேப்டன். துப்பாக்கி நிற்கிற முற்றத்துக்கு ஒரு சாராரின் காயம்பட்டவர்கள் வருவதே இல்லை, வீட்டிலேயே அழுகிச் சாகிறார்கள் என்றாள் அவள்.

ராஜமணி குனிந்து எழுதிக்கொண்டே முணுமுணுத்தார்: "இவளுக்க வாயப் பாரு."

"வாய் இருந்தாத்தான் ஆஸ்பத்திரி நடக்கும் ஹவில்தார் சாரே" என்று பதில் வந்தது. "நீங்க பாறசாலையா, களியக்காவிளையா?"

பேனா கையிலிருந்து நழுவியது. கேப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாறசாலை" என்றார் ராஜமணி.

"நான் மார்த்தாண்டத்துக்கு இந்தப் பக்கம். இப்ப ஒங்க சாருகிட்ட சரியாச் சொல்லுங்க. நான் சண்டைக்கு வரல்ல."

அவர் சொன்னார். அன்று முழுக்க அதற்காகவே அலைந்தார். கேப்டனிடம், கேப்டனுக்கு மேலே இருந்த மேஜரிடம், மறுபடியும் அவளிடம். கடைசியில் ஓர் ஏற்பாடு முடிவானது. ஆஸ்பத்திரி வேலிக்குள் எந்தத் துப்பாக்கியும் போகாது. பட்டாளத்துடையதும் போகாது, ஊர்க்காரர்களுடையதும் போகாது. காவல் ஆட்கள் சாலை வளைவில் மணல்மூட்டைக்குப் பின்னால் இருப்பார்கள். அவள் தலைத்துணியை அவிழ்த்து வீசினால் மட்டும் வர வேண்டும். வீசாவிட்டால் என்ன நடந்தாலும் வரக்கூடாது.

"என்ன நடந்தாலுமா?" என்று கேட்டார்.

"என்ன நடந்தாலும்" என்றாள்.

மழைக்கு முந்திய ஒரு மத்தியானம் அது நடந்தது. பின்னால் பெரிய துப்பாக்கி பொருத்திய ஒரு திறந்த வண்டி வந்து ஆஸ்பத்திரி வேலியில் நின்றது. ஆறேழு பேர் குதித்தார்கள். தங்கள் ஆளைச் சுட்டவன் உள்ளே படுத்திருக்கிறான், அவனை வெளியே கொடு என்று கூச்சல். மணல்மூட்டைக்குப் பின்னால் ராஜமணி குப்புறப் படுத்திருந்தார். அவர் துப்பாக்கியின் நேர்கோட்டில் ஒரு நீலச் சட்டைக்காரன் இருந்தான். அவனுக்கு ஒரு முழம் தள்ளி அவள் நின்றாள்.

ரேடியோவில் கேப்டன் கேட்டுக்கொண்டே இருந்தார். போகலாமா? இப்போதாவது போகலாமா?

"அவங்க இன்னும் கூப்பிடல சார்" என்றார் ராஜமணி. பக்கத்திலிருந்த ஜவான் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அவள் பேசிக்கொண்டிருந்தாள். நீலச் சட்டைக்காரன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். விழுந்தாள். எழுந்தாள். கை தலைத்துணிக்குப் போகும் என்று ராஜமணி எதிர்பார்த்தார். போகட்டும் என்று ஜெபித்தார். அவள் முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடியும் பேசினாள். அப்புறம் அவன் கையிலிருந்த துப்பாக்கியைக் காட்டி, வேலிக்கம்பைக் காட்டினாள். வெகுநேரம் கழித்து அவன் அதைக் கம்பில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பின்னால் உள்ளே போனான். உள்ளே அவனுடைய சித்தப்பா மகனும் ஒரு கட்டிலில் கிடந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் தேடி வந்த ஆளுக்கு அடுத்த கட்டில்.

அவன் வெளியே வந்து, யாரையும் இழுத்துப் போகாமல் வண்டியேறிப் போன பிறகு ராஜமணி துப்பாக்கியை ஜவானிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடந்து போனார். அவள் வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் பாவாடையை முழங்கால்மேல் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நீங்க வராம இருந்தீங்களே" என்றாள். "அது போதும்."

அவள் உள்ளேயிருந்து பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவரச் சொன்னாள். அதில் சர்க்கரையும் இல்லை. அப்படி ஒரு சாயாவை அவர் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

ஊர் திரும்பி, முதல் லீவிலேயே பாறசாலை எல்லையோரம் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று காவலாளி விடவில்லை. பலாமரத்தடியில் நின்றார். மாலையில் வேலை முடிந்து வந்த ரத்னாபாய் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"இஞ்சயும் வெளியதான் நிக்கீங்களா? உள்ள வாங்க."

ரெஜிக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா அம்மாவை முதலில் பார்த்தபோது திட்டினார் என்ற வேடிக்கைக் கதைதான். வாயப் பாரு என்ற இடத்தில் அவன் சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்பான். மற்றதை இருவரும் அவனுக்குச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. சொல்ல வரவில்லை.

ராஜமணி கட்டிலைப் பார்த்தார். ரத்னாபாயின் கைகள் போர்வைக்கு மேலே கிடந்தன. ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கைகள். அவர் தன் விரலை அவள் உள்ளங்கையில் வைத்தார். நேற்று இருந்த பிடி இன்று இல்லை.

"ஷைலஜா, இவள பாத்துக்கோ. நான் இப்ப வாறேன்."

வெளியே ரெஜி ஆம்புலன்ஸ் படியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ராஜமணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் படி போதவில்லை. ஒட்டி உட்கார வேண்டியிருந்தது.

"அம்ம முப்பது வருசம் நர்ஸா இருந்தவ" என்றார். "ஐ.சி.யு.ல என்ன செய்வாங்கன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வேண்டாம்னு சொன்னா."

"நான் வந்ததே அவளக் காப்பாத்தத்தான் அப்பா."

"தெரியும் மக்கா."

"ஒங்களுக்கு ஒண்ணும் தோணலியா? எடுத்துகிட்டு ஓடணும்னு தோணலியா?"

"தோணுது. காலையிலேருந்து தோணிகிட்டுத்தான் இருக்கு." ராஜமணி மதிலில் சாய்ந்திருந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். "ஒனக்க அம்ம என்னய ஒரு தடவ வெளிய நிறுத்தினா. அவளத் தள்ளி விட்டான் ஒருத்தன். நான் பாத்துகிட்டு நின்னேன். கையில துப்பாக்கி இருந்துது. கூப்பிட்டா மட்டும் வரணும்னு சொல்லியிருந்தா. அவ கூப்பிடல."

ரெஜி நிமிர்ந்து பார்த்தான். "எப்ப?"

"சோமாலியாவுல."

"நீங்க சொன்னதே இல்லியே."

"ஓடிப் போயிருந்தா நான் பெரிய ஆளாயிருப்பேன். அந்த ஆஸ்பத்திரி இல்லாமப் போயிருக்கும். எனக்கு அது அன்னைக்கே புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க ஒறங்கல." அவர் படியிலிருந்து எழுந்தார். "உள்ள வா. அவளுக்குக் காது கேக்கும்னு ஷைலஜா சொல்றா."

ரெஜி உடனே எழவில்லை. மாமரத்தடியில் நின்ற டிரைவர், "சாரே, நாங்கள் நிக்கணுமோ, போணுமோ?" என்று மெதுவாகக் கேட்டான். ரெஜி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "போய்க்கோ சேட்டா" என்றான்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றிக்கொண்டு வண்டி பின்னாலேயே உருண்டு சந்தைவிட்டு வெளியேறியது.

ரெஜி தோள்பையை இறக்கி மூலையில் வைத்தான். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், பெங்களூரில் வீட்டு ஓனர் வாடகை கூட்டச் சொல்வதையும், மாடியில் வைத்த கறிவேப்பிலைச் செடி தழைத்துவிட்டதையும் சொன்னான். பிரிஸில்லா கால்மாட்டில் நின்று வேதப்புத்தகத்தைத் திறந்து மெல்லிய குரலில் ஒரு சங்கீதம் வாசித்தாள். பாதியில் கண்ணாடி மங்கி, எழுத்து தெரியாமல், மனப்பாடமாகத் தொடர்ந்தாள்.

ராஜமணி ரத்னாபாயின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த விரலும் அசையவில்லை. மூச்சு ஏறியது. நின்றது. இறங்கியது. ஏறியது. நின்றது. ரெஜி கறிவேப்பிலையைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இறங்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஷைலஜாதான் முதலில் எழுந்து வந்தாள்.

வெளியே யாரோ மீன்காரரைக் கூப்பிட்டார்கள். பிரிஸில்லா போய் ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் அடக்கம். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்தவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். செங்கன்னூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சில வருடங்களுக்கு முந்திய பெருவெள்ளத்தில் அவள் நடத்திய முகாமில் இருந்தவர்களாம். அந்த முகாமை ராஜமணி நன்றாக அறிவார். பாங்கோடு ராணுவ முகாமிலிருந்து போன பட்டாளப் படகுகளும் விழிஞ்ஞத்து மீன்காரர்களின் படகுகளும் ஒரே பள்ளிக்கூட மைதானத்தில் வந்து அடைய, யார் எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு தரப்பும் கத்திக்கொண்டிருந்தார்கள். ரத்னாபாய் கரும்பலகையை வெளியே தூக்கிவந்து நட்டுவைத்து, இவர்கள் பெயரை ஒரு பக்கமும் அவர்கள் பெயரை ஒரு பக்கமும் எழுதச் சொன்னாள். ஓர் இளம் மேஜர், "இங்கே யார் சார்ஜ்?" என்று கேட்டார். "சார்ஜ் யாரும் இல்ல. சோறு வெந்தாச்சு, முதல்ல சாப்பிடுங்க" என்றாள். சாப்பாட்டுக் கூடத்துக்குள் துப்பாக்கியோடு வந்தால் பிள்ளைகள் பயப்படும் என்று அதையும் வெளியே வைக்கச் சொன்னாள். ராஜமணி அன்று அந்த மேஜரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்.

போதகர் ஜெபத்தைத் தொடங்குவதற்குச் சற்று முன் சந்து முனையில் ஒரு பட்டாள ஜீப் நின்றது. இரண்டு ஜவான்கள் மலர்வளையத்தோடு நடந்து வந்தார்கள். இருவரும் யூனிஃபார்மில் இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். ரெஜிதான் போய் என்னவென்று கேட்டான். திரும்பி வந்து அப்பாவின் காதருகே குனிந்தான். அம்மா போன பிறகு அவன் அப்பாவோடு பேசிய முதல் பேச்சு அது.

"அப்பா, ஜம்முவுல இருக்கிற ஒரு கர்னல் அனுப்பிச்சாராம். வெள்ளத்துல அம்மகூட இருந்தாராம், அப்ப மேஜராம். யூனிஃபார்மோட உள்ள வரலாமா, மேடம் சம்மதிப்பாங்களான்னு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லியிருக்காராம்."

ராஜமணி எழுந்தார். சிரிப்பு வந்தது. இழவு வீட்டில் அடக்க முடியாத சிரிப்பு. தோள் குலுங்க, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட் வரை போனார். பார்த்தவர்கள் அழுகிறார் என்றே நினைத்தார்கள். ரெஜிக்கு மட்டும் தெரிந்தது.

"வாங்கடே மக்களே" என்றார் ஜவான்களிடம். "உள்ள வாங்க. இனி தடுக்க ஆளில்ல."

சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரெஜி வந்து அவர் முழங்கையைப் பிடித்தான். அந்தப் பிடியை அவன் கல்லறைத் தோட்டம் வரை விடவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் ஷைலஜா ஆட்டோவில் வந்தாள். ரத்னாபாய்க்கு இரவலாகக் கொடுத்திருந்த ஆக்சிஜன் மெஷினையும், கட்டில்மேல் விரித்திருந்த காற்று மெத்தையையும் எடுத்துப்போக வேண்டும். கரமனையில் ஒரு மாமிக்கு வேண்டியிருக்கிறது என்றாள். கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கென்ன பிள்ள, எடுத்துக்கோ" என்றார் ராஜமணி.

ரெஜி ஆக்சிஜன் மெஷினைத் தூக்கிப்போய் ஆட்டோவில் வைத்தான். மெத்தையை அவனும் அப்பாவும் தரையில் இறக்கினார்கள். ரெஜி மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று வந்தது. ராஜமணி ஒரு முனையிலிருந்து சுருட்டப் பார்த்தார். சுருளவில்லை.

"பைய அப்பா. அந்தப் பக்கம் இன்னும் காத்து இருக்கு."

இருவரும் எதிரெதிராக முழங்காலிட்டு உட்கார்ந்து மெத்தையின்மேல் கைகளை வைத்து அழுத்தினார்கள்.

"அவசரமில்ல கேட்டோ" என்று வாசலிலிருந்து ஷைலஜா சொன்னாள். "பைய செய்தா போதும்."

அவர்கள் அவசரப்படவில்லை. அப்பாவின் கை ஓரிடத்தில் அழுத்தும்போது மகனின் கைக்குக் கீழே மெத்தை மெல்ல உயர்ந்தது. மகன் அழுத்தும்போது இந்தப் பக்கம் உயர்ந்தது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.